மூலிகைச் சேர்மம் புற்றுநோயை அழிக்கிறது என்ற செய்தியை எடைபோடும் முறை: மஞ்சளின் குர்குமினை முன்வைத்து

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியான நாளிலிருந்து, அந்த வீட்டாரின் கைபேசிக்கு மூலிகைச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். முள்சீத்தா கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியம் உடையது என்று ஒருவர் அனுப்புவார். மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுசெல்களை மட்டும் தேடிச் சென்று கொல்வதாக அயல்நாட்டு ஆய்வில் தெரியவந்திருக்கிறது என்று இன்னொருவர் அனுப்புவார். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அக்கறையால்தான் அனுப்புகிறார்கள். இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், இத்தகைய செய்திகள் பலவற்றின் அடியில் உண்மையான ஓர் ஆய்வுக்கட்டுரை இருக்கவே செய்கிறது என்பதுதான். ஆகவே, முழுப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, அப்படியே நம்பி மருந்தை மாற்றவும் கூடாது. அந்த ஆய்வு எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதை நோயாளியின் வீட்டாரே ஓரளவு கணித்துக்கொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன். இதற்குப் பள்ளிக்கூட வேதியியலும் கைபேசியில் உள்ள கணக்கியும் போதும். மூலிகைச் சேர்மங்களிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று என்பதாலும், நம் ஒவ்வொருவர் அடுக்களையிலும் இருக்கிறது என்பதாலும் குர்குமினையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மூலிகை, அதன் சாறு, அதிலிருந்து பிரித்தெடுத்த சேர்மம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பொருள்கள். செய்தியில் இவை மூன்றும் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருக்கும். மஞ்சள்தூளில் குர்குமினும் அதன் உறவுச் சேர்மங்களும் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் இருக்கின்றன. ஒரு தேக்கரண்டி தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் உள்ள குர்குமின் சுமார் 90 மில்லிகிராம். மனிதர்களிடம் நடந்த பல சோதனைகளில் நாளொன்றுக்கு 8 கிராம் வரை குர்குமின் கொடுக்கப்பட்டது. அந்த அளவைத் தூளாகவே சாப்பிட வேண்டுமானால் நாள்தோறும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் தேவைப்படும். எனவே சோதனையில் கொடுத்தது எது, எவ்வளவு என்று பார்க்காமல், பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் குடிப்பதற்கு அந்தச் சோதனையைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. குடிப்பதில் தவறில்லை, சான்று அதற்கானது அல்ல என்பதே பொருள்.

செல்கள் எங்கே செத்தன என்று கேளுங்கள்

இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் 'கண்ணாடிக் கிண்ணத்தில்' என்றே இருக்கும். ஆய்வகத்தில் புற்றுசெல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, அதன்மேல் சேர்மத்தைக் கரைத்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் கழித்து எத்தனை செல்கள் மிஞ்சியிருக்கின்றன என்று அளப்பார்கள். மருந்தைக் கண்டறியும் நீண்ட பாதையில் இது முதல் படி, தேவையான படியும்கூட. ஆனால் கிண்ணத்தில் செல்லைக் கொல்வது அரிய செயல் அல்ல. சவர்க்கார நீரும் அதைச் செய்யும்.

முள்சீத்தாவின் 'பத்தாயிரம் மடங்கு' எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் இது விளங்கும். 1996-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், முள்சீத்தாவின் விதையிலிருந்து பிரித்த ஒரு சேர்மம், பெருங்குடல் புற்றுசெல் வகை ஒன்றின்மீது, அட்ரியாமைசின் என்ற மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியம் காட்டியது என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு விதைச் சேர்மம், ஒரு செல்வகை, ஒரு கிண்ணம், ஒப்பிட்ட மருந்தும் ஒன்றே. அதுவே கைமாறிக் கைமாறிப் பழமாகவும், எல்லாப் புற்றுநோயாகவும், கீமோதெரபி முழுமையாகவும் பெருகிவிட்டது. அதே தாவரக் குடும்பத்துச் சேர்மங்கள் நரம்புசெல்களையும் தாக்கக்கூடியவை. கரீபியன் தீவான குவாதலூப்பில் பார்க்கின்சன் நோயை ஒத்த ஒரு நரம்புக் கோளாறு அசாதாரணமான எண்ணிக்கையில் தென்பட்டதையும், முள்சீத்தாப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் அது அதிகம் காணப்பட்டதையும் 1999-இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இந்தப் பகுதி மட்டும் யாருடைய பகிர்விலும் வருவதில்லை.

குர்குமினுக்குக் கிண்ணச் சோதனையில் தனியான ஒரு சிக்கலும் உண்டு. மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்ததும் அது சிவந்து ஆரத்தி நீராவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் கறை வெளிறுவதையும் பார்த்திருக்கிறோம். இந்த இரண்டுமே குர்குமின் எளிதில் மாறிவிடும் சேர்மம் என்பதை வீட்டிலேயே காட்டும் அறிகுறிகள்: காரத்தன்மைக்கு நிறம் மாறுகிறது, ஒளியில் சிதைகிறது. நம் உடலின் வெப்பநிலையிலும் இரத்தத்தின் லேசான காரத்தன்மையிலும், புரதம் ஏதும் இல்லாத கரைசலில் வைத்தால், அரை மணி நேரத்தில் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடுவதாக 1990-களிலேயே அளந்திருக்கிறார்கள். அத்துடன் அது தானே ஒளிர்வதால், ஒளிர்வை அளந்து முடிவு சொல்லும் சோதனைகளில் தன் ஒளியையும் கலந்துவிடுகிறது. பல்வேறு புரதங்களோடு தாறுமாறாக ஒட்டிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. இப்படி எந்தச் சோதனையில் போட்டாலும் 'வேலை செய்கிறது' என்று போலி விடை தரும் சேர்மங்களின் வரிசையில் குர்குமினையும் வைத்து, 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவான ஒரு மதிப்பாய்வை வெளியிட்டார்கள். எனவே 'குர்குமின் நூறு மூலக்கூறு இலக்குகளைத் தாக்குகிறது' என்று ஒரு கட்டுரை பெருமையாகச் சொன்னால், வேதியியல் தெரிந்தவர் அதைக் கேட்டு மகிழ மாட்டார், சந்தேகப்படுவார்.

அளவைக் கணக்கிடுங்கள்

எலியா மனிதனா என்பதைப் பலரும் கேட்டுவிடுகிறார்கள். அளவைத்தான் கிட்டத்தட்ட யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுவே முதன்மையான கேள்வியாகப் படுகிறது. கிண்ணத்தில் செல்லைக் கொல்லத் தேவைப்பட்ட அடர்த்தி, மாத்திரையாக விழுங்கிய மனிதனின் இரத்தத்தில் எட்டப்படுகிறதா? இதை வீட்டிலேயே கணக்கிடலாம்.

ஆய்வுச்சுருக்கத்தில் ஐசி50 என்று ஒரு எண் இருக்கும். பாதிச் செல்களை முடக்கத் தேவைப்படும் அடர்த்தி அது. பெரும்பாலும் மைக்ரோமோலாரில், அதாவது லிட்டருக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற அலகில், தரப்படும். குர்குமினுக்குப் பல செல்வகைகளில் இது 10 முதல் 30 மைக்ரோமோலார் வரை வருகிறது. மறுபக்கம், மனிதச் சோதனைக் கட்டுரையில் இரத்தத்தில் இருந்த அளவு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று இருக்கும். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குச் சமம். அதைச் சேர்மத்தின் மூலக்கூறு எடையால் வகுத்தால் மைக்ரோமோலார் கிடைத்துவிடும். குர்குமினின் மூலக்கூறு எடை 368.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கணையப் புற்றுநோயாளிகள் 25 பேருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் வாய்வழியாகக் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2008-இல் வெளியானது. அவர்களின் இரத்தத்தில் அளக்கப்பட்ட குர்குமின், மில்லிலிட்டருக்கு 22 முதல் 41 நானோகிராம். அதிகபட்சத்தையே எடுத்துக்கொள்வோம்: 41-ஐ 368-ஆல் வகுத்தால் 0.11 மைக்ரோமோலார். குறைந்த அளவான 22-ஐ வகுத்தால் 0.06. கிண்ணத்தில் தேவைப்பட்டதோ பத்திலிருந்து முப்பது. ஆக, கால் கிலோ மஞ்சளுக்கு ஈடான குர்குமினை விழுங்கிய பின்னும், இரத்தத்தில் சேர்ந்தது தேவைப்பட்டதில் நூறில் ஒரு பங்கு முதல் ஐந்நூறில் ஒரு பங்கு வரைதான். அதிலும் பெரும்பகுதி, குடலும் கல்லீரலும் வேறு மூலக்கூறுகளை ஒட்டி வெளியேற்றத் தயாராக்கிய வடிவில் இருந்தது. மதிப்பிட முடிந்த 21 பேரில் ஒருவருக்கு நோய் பதினெட்டு மாதத்துக்கு மேல் பெருகாமல் நின்றது. இன்னொருவருக்குக் கட்டி வெகுவாகச் சுருங்கிச் சிறிது காலத்தில் மீண்டும் வளர்ந்தது. இந்த இருவரையும் தலைப்புச் செய்தியாக்குவது எளிது. மீதிப் பத்தொன்பது பேரைச் செய்தியில் தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கு ஒரே ஓர் இடத்தில் குர்குமினுக்குச் சாதகமாகவும் திரும்புகிறது என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. உறிஞ்சப்படாத குர்குமின் குடலிலேயே தங்குவதால், பெருங்குடலின் உட்சுவர் அதை நேரடியாகச் சந்திக்கிறது. இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு அறுவைக்கு முன் ஏழு நாள், நாளொன்றுக்கு 3.6 கிராம் வரை கொடுத்துப் பார்த்தபோது, குடல் திசுவில் கிண்ணச் சோதனை அளவுக்குப் பக்கத்தில் வரும் அடர்த்தி கிடைத்தது. கல்லீரலுக்குப் பரவிய நோயாளிகளிடம் நடந்த இணைச்சோதனையில் கல்லீரல் திசுவில் குர்குமின் கண்டறியப்படவில்லை. ஆகவே மூளைக்கட்டிக்கும் மார்பகப் புற்றுக்கும் மாத்திரை உதவும் என்பதைவிட, குடலில் ஏதாவது செய்யலாம் என்ற எதிர்பார்ப்பு அறிவுக்குப் பொருந்துவதே. அந்த எதிர்பார்ப்பு என்ன ஆனது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

எலிச் சோதனை என்றால் ஒரு திருத்தம் மட்டும் போதும். எலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்றால், 60 கிலோ மனிதருக்கு அதை 60-ஆல் பெருக்கி 6 கிராம் என்று சொல்வது தவறு. சிறிய உடலின் வளர்சிதை மாற்றம் வேகமானது என்பதால், சுண்டெலியின் அளவை ஏறத்தாழ 12-ஆல் வகுத்த பிறகே பெருக்க வேண்டும். அப்படிச் செய்தால் சுமார் அரை கிராம் வரும். அதோடு, எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தார்களா, வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தினார்களா என்றும் பாருங்கள்.

யாரோடு ஒப்பிட்டார்கள்

பெருங்குடல் முழுவதும் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் என்ற சிறு சதை வளர்ச்சிகள் முளைக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. கவனிக்காமல் விட்டால் அது புற்றுநோயில் முடியும். அந்த நோயுள்ள ஐந்து பேருக்குக் குர்குமினையும் குவெர்செட்டின் என்ற இன்னொரு தாவரச் சேர்மத்தையும் சேர்த்து ஆறு மாதம் கொடுத்ததில், பாலிப்களின் எண்ணிக்கை சராசரியாக 60 சதவீதமும் அளவு 50 சதவீதமும் குறைந்ததாக 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. ஐவருக்கும் பலன். ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் பல செய்திகளின் ஊற்று இந்தக் கட்டுரை.

அதே ஆய்வாளர் அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் பாராட்டத்தக்கது. அதே நோயுள்ள 44 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமினும் மற்றொன்றுக்கு மருந்துப்போலியும் (மருந்து போலவே தோன்றும், ஆனால் மருந்தில்லாத மாத்திரை) ஓராண்டு கொடுத்தார். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, பாலிப்பை எண்ணுகிற மருத்துவருக்கும் தெரியாது. 2018-இல் வெளியான முடிவு: எண்ணிக்கையிலும் அளவிலும் இரு குழுவுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாவது சோதனையில் குவெர்செட்டின் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி வாதிடலாம். ஆனால் 'குர்குமின் பாலிப்பைக் கரைக்கிறது' என்ற கூற்று அந்த வாதத்தால் பிழைக்காது. குர்குமினுக்கு மிகச் சாதகமான உறுப்பிலேயே, முறையாக ஒப்பிட்டபோது கிடைத்த விடை இது.

எல்லா முடிவுகளும் எதிர்மறை அல்ல. ஆர்மீனியாவில் முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 150 பெண்களிடம் நடந்த, மருந்துப்போலியோடு ஒப்பிட்ட சோதனை 2020-இல் வெளியானது. பாக்லிடாக்செல் கீமோதெரபியோடு வாரம் ஒருமுறை குர்குமினும் பெற்றவர்களில் 51 சதவீதத்தினருக்கும், பாக்லிடாக்செலோடு மருந்துப்போலி பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கும் கட்டி குறிப்பிட்ட அளவு சுருங்கியது. இது கவனிக்கத்தக்க முடிவு. வேறு இடங்களில் பெரிய அளவில் மறுபடி செய்து பார்க்க வேண்டிய முடிவு. ஆனால் படிக்கும்போது இரண்டு சொற்களில் விரலை வையுங்கள். ஒன்று 'சிரைவழி': அங்கே குர்குமின் மாத்திரையாக அல்ல, இரத்தநாளத்தில் ஏற்றப்பட்டது, உறிஞ்சப்படாமல் போகும் சிக்கலை அது தாண்டிவிடுகிறது, ஆகவே கடையில் வாங்கும் மாத்திரைக்கு இந்தச் சோதனை சான்றாகாது. இரண்டு 'கீமோதெரபியோடு': அதற்குப் பதிலாக அல்ல. மேலும், கட்டி சுருங்குவதும் நோயாளி கூடுதல் காலம் வாழ்வதும் ஒன்றல்ல. எதை அளந்தார்கள் என்பதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லியிருப்பார்கள்.

தேடும் வழி

பப்மெட் என்ற இலவசத் தளத்தில் சேர்மத்தின் பெயரையும் புற்றுநோயின் பெயரையும் ஆங்கிலத்தில் இட்டு, இடப்பக்க வடிகட்டியில் மருத்துவச் சோதனைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்த பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அந்தச் சுருக்கமே ஒரு பாடம். கட்டுரையின் தலைப்புக்கு மேல், அது திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கைப் பட்டை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குர்குமின் ஆய்வில் பெரும்புகழ் பெற்றிருந்த ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் பல, படங்களின் நம்பகத்தன்மை குறித்த ஐயத்தால் இதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் அவற்றை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளும் விளம்பரங்களும் அப்படியே புழக்கத்தில் இருக்கின்றன. இந்தியாவில் நடக்கும் சோதனைகளை, சித்தம், ஆயுர்வேதம் உட்பட, 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் தேடலாம். 'எங்கள் மருந்து மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது' என்று ஒருவர் சொன்னால், அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009-க்குப் பிறகு பதிவு செய்வது கட்டாயம் என்பதால், எண் இல்லாத மனிதச் சோதனை என்பதே கேள்விக்குரியது.

மூலிகை மருந்தாவது எப்படி இருக்கும்

இவ்வளவும் படித்துவிட்டு மூலிகைகளில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நம் வீட்டு வாசலிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு அதன் இலைக் கஷாயம் நல்லது என்று ஜமைக்காவில் வழங்கி வந்ததால், 1952-இல் அங்கிருந்து இலைகள் கனடாவில் இருந்த ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளருக்கு வந்து சேர்ந்தன. வாய்வழியாகக் கொடுத்தபோது எலிகளின் சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தியபோது எலிகள் தொற்றுநோயால் இறந்தன. காரணம் பார்த்தால், அவற்றின் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணு பெருகும் நோய்க்கு இது பயன்படுமே என்று அங்கே தோன்றிய எண்ணத்திலிருந்து, வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து வின்பிளாஸ்டின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உறவுச் சேர்மமான வின்கிரிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. பெரியவர்களுக்கு அதன் அளவு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம், பொதுவாக ஒருமுறைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். குர்குமினின் 8 கிராமோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நரம்புகளைப் பாதிக்கும், மலச்சிக்கல் தரும். தவறுதலாகத் தண்டுவட நீரில் செலுத்திவிட்டால் உயிரையே எடுத்துவிடும். பக்கவிளைவே இல்லாத புற்றுநோய் மூலிகை என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செடிதான் நினைவுக்கு வருகிறது. நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் குடித்து யாரும் அந்தப் பலனைப் பெற முடியாது. நஞ்சைத்தான் பெற முடியும்.

சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நோயாளி விரும்பினால்

சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. செறிவூட்டிய மாத்திரைகளின் கதை வேறு. குர்குமின் உடலில் சேர்வதற்காக அவற்றில் மிளகின் பைப்பரினைக் கலக்கிறார்கள். 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் இரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடுவதாக 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. பைப்பரின் இதைச் சாதிப்பது, அயல்பொருள்களை வெளியேற்றும் நொதிகளைத் தடுத்துத்தான். அதே நொதிகளை நம்பித்தான் பல கீமோதெரபி மருந்துகளின் அளவும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. குர்குமினே சில மருந்துகளோடு மோதக்கூடும்: மார்பகப் புற்றுக்குத் தரும் சைக்ளோபாஸ்பமைடின் வேலையை அது விலங்குச் சோதனையில் மட்டுப்படுத்தியது 2002-இல் பதிவாகியிருக்கிறது; மார்பகப் புற்றுக்கான டமாக்சிபென் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் குர்குமினும் பைப்பரினும் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மருந்தின் செயல்வடிவம் இரத்தத்தில் சுமார் 12 சதவீதம் குறைந்ததாக நெதர்லாந்தில் 2019-இல் கண்டார்கள். இத்தாலியில் அதே ஆண்டு மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே கல்லீரல் அழற்சி வரிசையாகப் பதிவானது. பித்தப்பையில் கல் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 அமெரிக்க நோயாளிகளை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. அவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

அதனால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 'ஏதோ நாட்டுமருந்து சாப்பிடுகிறார்' என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குப் பயனில்லை. டப்பாவையே கையில் கொண்டுபோங்கள். ஒரு மாத்திரையில் குர்குமின் எத்தனை மில்லிகிராம், பைப்பரின் உண்டா, நாளொன்றுக்கு எத்தனை, எந்தத் தேதியிலிருந்து என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, இப்போது நடக்கும் கீமோதெரபி மருந்துகளின் பெயர்களையும் அதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: இந்த மருந்தோடு இது மோதுமா, அடுத்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளையும் சேர்த்துப் பார்க்கலாமா. அவர் நிறுத்தச் சொன்னால், கீமோதெரபி நாளுக்கு எத்தனை நாள் முன்பிருந்து நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு, அதே தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.